ரிப்போர்ட்டில் 'நியூக்ளியர்' என்று இருக்கிறதே, டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் கூடங்குளத்துக்குப் பக்கம். என் மகனுக்கு இப்போது 11 மாதம். பிறந்தபோது மூன்று கிலோ இருந்தான். மூன்றாவது வாரத்தில் குடித்த பாலையெல்லாம் கக்க ஆரம்பித்தான். எடை ஏறவே இல்லை. உடம்பு நாளுக்கு நாள் கறுத்தது. 23-ஆம் நாள் கண் செருகிவிட்டது, தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் சோடியம் மிகவும் குறைந்து 114, பொட்டாசியம் மிகவும் கூடி 7.6 என்றார்கள். முதலில் வேறொரு அட்ரீனல் நோய் என்று நினைத்து, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார்கள். ஆமாம், தாய்மாமா மகனைத்தான் கட்டியிருக்கிறேன். பிறகு மரபணுப் பரிசோதனையில் இது வேறு என்று தெரிந்தது. ரிப்போர்ட்டில் 'என்.ஆர்.0.பி.1, நியூக்ளியர் ரிசெப்டர்' என்று போட்டிருக்கிறது. நியூக்ளியர் என்றால் அணு உலைதானே? அந்தக் கதிர் பட்டுத்தான் இப்படி ஆனதா? அத்தையோ, 'அப்பவே சொந்தம் வேண்டாம்னு சொன்னேன்' என்று ஒரே பேச்சு. எனக்கு முன்னால் என் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகள், 1990-களில், ஒரு மாதம்கூட ஆகாமல் இறந்துபோனார்கள். சீர் தட்டிவிட்டது என்று சொல்வார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை என்கிறார்கள், பயமாக இருக்கிறது. அவன் மற்ற பையன்களைப் போல வளர்வானா? என் தங்கை இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவளிடம் சொல்வதா, வேண்டாமா?

(ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அதற்குத்தான் நாள் குறைவாக இருக்கிறது. தங்கையிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்கு இருப்பது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சரியாக வளராமல் போகிற, தாய் வழியாக ஆண் குழந்தைகளுக்கு வரும் நோய். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கிறது. அப்படியானால் தங்கையிடமும் அதே மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவரிடம் இருந்து, வயிற்றில் இருப்பதும் ஆண் குழந்தையாக இருந்தால், அந்தக் குழந்தைக்கு வருவதற்கு மறுபடியும் பாதிக்குப் பாதி. எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எட்டில் ஒன்று. அதிகம் என்று மிரளவும் வேண்டாம், குறைவு என்று விட்டுவிடவும் வேண்டாம்.

மகனுடைய ரிப்போர்ட்டின் நகலைத் தங்கையிடம் கொடுங்கள். மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்று அதில் எழுதியிருக்கும். தங்கையின் ரத்தத்தில் அந்த ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும். மரபணு முழுவதையும் தேடுவதைவிட இது சுலபம், செலவும் குறைவு. பிரசவத்துக்கு முன்னால் விடை கைக்கு வந்துவிடும். அவரிடம் இல்லை என்று வந்துவிட்டால் இந்தக் கவலை அவர் வீட்டில் அன்றோடு முடிந்தது.

இருக்கிறது என்று வந்தால்? கருவிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டு. பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, இப்படிப் பாலினத்தோடு பிணைந்த மரபு நோய்களுக்காகப் பதிவுபெற்ற மையங்களில் கருப்பரிசோதனை செய்ய இடம் தருகிறது. செய்வதா வேண்டாமா என்பது தங்கையும் அவர் கணவரும் எடுக்க வேண்டிய முடிவு. என்னைக் கேட்டால், மருந்து இருக்கிற நோய் இது, பிறந்த அன்றே தயாராக இருந்தால் போதும் என்பேன். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவம் வைத்துக்கொள்ளட்டும். ஆண் குழந்தை பிறந்தால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. சோடியம், பொட்டாசியம் இரண்டும் முதல் சில நாள் சரியாக இருந்துவிட்டுப் பிறகுதான் சறுக்கும். அதனால் முதல் மாதம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கூடவே மரபணுச் சோதனைக்கும் ரத்தம் அனுப்பிவிட வேண்டும்.

சரி, இனி அந்த 'நியூக்ளியர்'.

நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்கு அது வெறும் சொல் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அணுவின் கரு அல்ல, செல்லின் கரு. லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் 1831-ல் செல்லுக்குள் இருந்த உருண்டையான பகுதிக்கு அந்தப் பெயரை வைத்தார். அணுவுக்குள் ஒரு கரு இருக்கிறது என்று ரூதர்ஃபோர்டு சொன்னதோ அதற்கு எண்பது வருஷம் கழித்து. அப்புறம் உங்கள் குடும்பக் கதையையே பாருங்கள். கூடங்குளத்தின் முதல் உலை மின்சாரம் தரத் தொடங்கியது 2013-ல். உங்கள் அம்மா அந்தப் பிள்ளைகளை இழந்தது 1990-களில். இந்த மாற்றம் அதற்கும் முன்பே உங்கள் அம்மாவின் செல்களில் இருந்திருக்கிறது.

செல்லின் கருவை உட்கரு என்கிறோம். அதற்குள்தான் டிஎன்ஏ இருக்கிறது. எந்த மரபணுவை எப்போது இயக்குவது, எதை அடக்கி வைப்பது என்று பார்த்துக்கொள்ளும் புரதங்கள் பல உண்டு. அவற்றில் ஒரு குடும்பத்துக்குத்தான் உட்கரு ஏற்பிகள், ஆங்கிலத்தில் நியூக்ளியர் ரிசெப்டர், என்று பெயர். மனிதரில் மொத்தம் 48. தைராய்டு ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன், கார்டிசால், வைட்டமின் டி போன்றவை செல்லுக்குள் நுழைந்து இந்த ஏற்பிகளில் ஒன்றில் போய்ப் பொருந்தும். உடனே அந்த ஏற்பி டிஎன்ஏவில் தனக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். பிடிப்பதற்கு அதில் விரல் போன்ற இரண்டு மடிப்புகள் உண்டு, ஒவ்வொன்றையும் ஒரு துத்தநாக அணு இறுக்கி நிறுத்தியிருக்கும். இதைக் கண்டுபிடித்ததில் பெரும் பங்கு வகித்த ஷாம்போன், எவன்ஸ், ஜென்சன் மூவருக்கும் 2004-ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

எல்லா ஏற்பிக்கும் இப்படி ஒரு ஹார்மோன் துணை இருப்பதில்லை. தனக்கென்று ஒரு ஹார்மோன் தெரியாதவற்றை அநாதை ஏற்பிகள் என்றே மருத்துவ உலகம் அழைக்கிறது. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் இருக்கும் என்.ஆர்.0.பி.1 அப்படி ஒன்று. புழக்கத்தில் டாக்ஸ்-1 என்பார்கள். இது ஹார்மோனின் சொல்லைக் கேட்டு நடக்கும் ஏற்பி அல்ல. ஹார்மோன் சுரக்கும் திசு உருவாவதையே கவனித்துக்கொள்ளும் ஏற்பி. ஆகவே உங்கள் மகனுக்கு ஹார்மோன் வற்றிப்போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். ஹார்மோனைச் சுரக்க வேண்டிய திசு சரியாக எழும்பவே இல்லை.

டாக்ஸ்-1 தனியாக வேலை செய்வதில்லை. அதற்கு ஒரு ஜோடி உண்டு, எஸ்.எஃப்.-1. அதுவும் ஓர் உட்கரு ஏற்பிதான். அதை 1992 வாக்கில் அமெரிக்காவில் கீத் பார்க்கரின் குழுவும் ஜப்பானில் மொரொஹாஷியின் குழுவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடியது வேறு. கொலஸ்ட்ராலிலிருந்து ஸ்டீராய்டு ஹார்மோன் செய்யும் என்சைம்கள் பலவும் அட்ரீனலிலும் விதைப்பையிலும் சினைப்பையிலும் ஒன்றாக இயங்குகின்றனவே, அவற்றை யார் ஒன்றாக இயக்குகிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லா இடத்திலும் இந்த ஒரே புரதம் கையில் சிக்கியது. பழ ஈயில் இதற்கு ஓர் உறவுப் புரதம் உண்டு. அது இயக்கும் மரபணு கெட்டால் புழுவின் உடலில் கணுக்கள் குறைந்துபோகும், அதனால் அந்த மரபணுவுக்கு ஜப்பானிய மொழியில் 'கணு போதவில்லை' என்று பொருள்படப் பெயர் வைத்திருந்தார்கள். ஈயில் உடம்பின் கணுக்களைக் கட்டுகிற குடும்பம், நம்மிடம் வந்து சுரப்பிகளைக் கட்டுகிறது. இத்தனை வருஷம் இந்தத் துறையில் இருந்தும் இதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

1994-ல் பார்க்கரின் குழுவினர் எஸ்.எஃப்.-1 மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். என்சைம்கள் குறையும், ஹார்மோன் குறையும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். பிறந்த குட்டிகளுக்கு அட்ரீனல் சுரப்பியே இல்லை. விதைப்பையும் இல்லை, சினைப்பையும் இல்லை. ஆணாகப் பிறக்க வேண்டிய குட்டிகளுக்கும் உள்ளே பெண் உறுப்புகள்தான் இருந்தன. மருந்து கொடுக்காதவை எல்லாம் எட்டு நாளுக்குள் இறந்தன. ஸ்டீராய்டு கொடுத்தவை பிழைத்தன. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் ஒரு பகுதியும் சரியாக அமையவில்லை, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் பருவ வளர்ச்சியைத் தூண்டும் செல்களும் கோளாறாக இருந்தன. ஒரே புரதம், நான்கு இடம்: அட்ரீனல், விதைப்பை அல்லது சினைப்பை, ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மகனின் பருவ வயதைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

அதே 1994-ல்தான் இத்தாலியில் ஜோவானா காமரினோவின் குழுவினர் டாக்ஸ்-1 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். எதை வைத்து என்றால், உங்கள் மகனைப் போன்ற பையன்களை வைத்து. எக்ஸ் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டுப் போய், அட்ரீனல் சரியாக வளராமல் பிறந்த குழந்தைகள் அவர்கள். இந்த டாக்ஸ்-1 ஒரு விசித்திரமான புரதம். குடும்பத்தில் ஏறக்குறைய மற்ற எல்லாருக்கும் இருக்கும் அந்தத் துத்தநாக விரல்கள் இதற்குக் கிடையாது. தானே போய் டிஎன்ஏவைப் பிடிப்பதைவிட, எஸ்.எஃப்.-1 மேல் போய் ஒட்டிக்கொண்டு அதை அடக்குவதுதான் இதன் முக்கிய வேலை.

இங்கேதான் ஒரு முடிச்சு. எஸ்.எஃப்.-1 அட்ரீனலைக் கட்டுகிறது. டாக்ஸ்-1 அதை அடக்குகிறது. அப்படியானால் டாக்ஸ்-1 இல்லாத குழந்தைக்கு அட்ரீனல் பெரிதாக அல்லவா வளர வேண்டும்? ஏன் சிறுத்துப்போகிறது?

கருவில் ஐந்தாவது வாரம் வாக்கில், சிறுநீரகம் அமையும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன முகடுபோல் செல்கள் திரளும். அட்ரீனலின் வெளிப்பகுதியான புறணிக்கும் விதைப்பைக்கும் சினைப்பைக்கும் அதுதான் பொதுவான நாற்றங்கால். பிறகு அட்ரீனலுக்கு உரிய செல்கள் தனியாகப் பிரிந்து போகும். கருவில் இருக்கும் அட்ரீனல் மிகப் பெரியது, பிறக்கும்போது சிறுநீரகத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். அதில் பெரும்பகுதி கருக்காலத்துக்கு மட்டுமே ஆன திசு, பிறந்த சில மாதத்தில் சுருங்கி மறைந்துவிடும். ஆயுள் முழுக்க நமக்கு ஹார்மோன் தரப்போவது அதன் வெளி ஓரத்தில் மெல்லிசாக இருக்கும் நிரந்தரப் பகுதி. சுரப்பியின் உறைக்குக் கீழே மூலச்செல்கள் இருக்கும். அவை பிரிந்து புதுச் செல்களைத் தரும், புதுச் செல்கள் உள்நோக்கி நகர்ந்து முதிர்ந்து ஹார்மோன் சுரக்கும். வாழ்நாள் முழுக்க இது நடந்துகொண்டே இருக்கும்.

நெல் விளைவிக்கிற வீட்டில் களஞ்சியத்தில் எவ்வளவு பசி வந்தாலும் தொடாத ஒரு பங்கு இருக்கும், விதைநெல். எஸ்.எஃப்.-1 ஒவ்வொரு செல்லையும் 'முதிர்ந்து சுரக்கத் தொடங்கு' என்று உந்துகிறது. டாக்ஸ்-1 உறையோரத்துச் செல்களிடம் நின்று 'இவை விதைக்கு, தொடாதே' என்று தடுக்கிறது. டாக்ஸ்-1 இல்லாவிட்டால் விதைநெல்லும் சோற்று உலைக்குப் போய்விடும். கொஞ்ச நாள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது, அடுத்த போகத்துக்கு விதைக்க ஒன்றும் இருக்காது. இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. டாக்ஸ்-1 நீக்கிய எலிகளுக்கு இளவயதில் அட்ரீனல் வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்தது, வயது ஏற ஏறச் செல்கள் தீர்ந்து சுரப்பி ஓய்ந்தது. உங்கள் மகன் முதல் இரண்டு வாரம் நன்றாகப் பால் குடித்துவிட்டு மூன்றாவது வாரத்தில் சரிந்ததும், இதே நோய் வேறு சில பையன்களுக்கு நான்கைந்து வயதில் வெளிப்படுவதும், இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன.

அளவு கூடினாலும் ஆபத்துதான். எக்ஸ் குரோமோசோமின் இந்தப் பகுதி இரட்டிப்பாகிவிட்ட ஆண் கருக்களில், எஸ்.எஃப்.-1 மிகையாக அடக்கப்பட்டு, விதைப்பை அமையாமல் பெண்ணாக வளர்ந்தவர்கள் உண்டு. டாக்ஸ் என்ற பெயரின் முதல் ஆங்கில எழுத்து வந்ததே அதிலிருந்துதான்.

உங்கள் மகனுக்கு எங்கே பிசகியது என்று பார்த்தீர்களா? ஐந்தாவது வாரத்தில் தொடங்கிய ஒரு வேலை. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்களே அப்போதுதான் கவனித்திருப்பீர்கள். நீங்கள் சாப்பிட்டதோ, தூக்கிய குடமோ, போன பயணமோ இதில் எதையும் செய்யவில்லை.

அத்தை சொல்வதற்கு வருகிறேன். டாக்ஸ்-1 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பிசகினாலும் மற்றொன்று ஈடுகட்டும். அதனால்தான் நீங்களும் உங்கள் அம்மாவும் நலமாக இருக்கிறீர்கள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். உங்கள் கணவரின் எக்ஸ் உங்கள் மகனின் உடம்பில் இல்லவே இல்லை. நீங்கள் யாரை மணந்திருந்தாலும், கடல் தாண்டி யாரோ ஒருவரை மணந்திருந்தாலும், இந்த வாய்ப்பு இதேதான். 'சொந்தமா?' என்று மருத்துவர்கள் கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர்கள் முதலில் சந்தேகப்பட்டது அட்ரீனலில் ஓர் என்சைம் குறைவதால் வரும் நோய். அது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும், உறவுக்குள் மணந்தவர்களின் குழந்தைகளில் கூடுதலாகக் காண்கிறோம். நம் பக்கத்தில் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும், அவர்கள் நினைத்ததில் பிழையில்லை. அந்தக் கேள்விதான் அத்தையின் காதில் தங்கிவிட்டது. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் பழியை அப்படியே உங்கள் அம்மாவின் பக்கம் தள்ளிவிடவும் யாருக்கும் உரிமையில்லை. தன் எக்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்து பிள்ளை பெறுகிறவர் எவரும் இல்லை.

உங்கள் அம்மாவின் அந்த இரண்டு குழந்தைகள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாதுதான், ஆனால் இரண்டு ஆண்கள், ஒரு மாதத்துக்குள், இப்போது பேரனுக்கு இந்த ரிப்போர்ட் என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். உப்பு வற்றி, உடம்பு வறண்டு, கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளம் விழுந்து போன குழந்தையைத்தான் நம் ஊரில் சீர் தட்டியது என்பார்கள். பார்த்ததை அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள், காரணம்தான் தெரியவில்லை.

காரணம் தெரிந்திருக்க வேண்டிய நானே ஒருமுறை தவறவிட்டேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது, இருபது நாள் ஆண் குழந்தை ஒன்று வாந்தியோடு வந்தது. பொட்டாசியம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தது. ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்திருக்கும், அதனால் பொய்யாகக் கூடியிருக்கும் என்று நினைத்து, மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். வாந்தி எடுக்கும் குழந்தைக்குப் பொட்டாசியம் குறையத்தான் வேண்டும், கூடினால் அட்ரீனலை நினை என்று படித்திருந்தேன், அந்த நேரத்தில் நினைக்கவில்லை. விடிவதற்குள் குழந்தை போய்விட்டது. இந்த வீட்டில் முன்பே ஒரு பையன் இப்படி இறந்திருக்கிறான் என்று அந்தப் பாட்டி அதற்குப் பிறகுதான் சொன்னார். நான் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. அன்றிலிருந்து, சின்ன ஆண் குழந்தை வாந்தியோடு வந்தால், அம்மா வழியில் ஆண் குழந்தைகள் இறந்ததுண்டா என்று கேட்காமல் நான் இருந்ததில்லை. உங்கள் மகனைப் பார்த்த மருத்துவர் அந்த எண்ணைச் சரியாகப் படித்திருக்கிறார்.

இனி ஸ்டீராய்டு. இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், மூட்டு வலி போன்றவற்றுக்கும் ஆஸ்துமாவுக்கும் தோல் நோய்க்கும் உடம்புக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு கொடுப்பது. உங்கள் மகனுக்குக் கொடுப்பது, அவன் அட்ரீனல் ஒழுங்காக இருந்திருந்தால் அன்றன்றைக்குச் சுரந்திருக்கும் அளவு. ஹைட்ரோகார்டிசோன் என்பது அட்ரீனல் சுரக்கும் கார்டிசாலேதான், வேறு பொருள் அல்ல. இதை எங்கே போய் வேலை செய்ய வைக்கிறோம் என்றால், அதே 48 பேர் குடும்பத்தில் இன்னோர் ஏற்பியிடம். கார்டிசாலுக்கான ஏற்பி அவன் உடம்பு முழுக்க நன்றாகவே இருக்கிறது. உப்பைப் பிடித்து வைக்கும் அட்ரீனல் ஹார்மோனுக்கு ஈடாகக் கொடுக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோனுக்கான ஏற்பி அவன் சிறுநீரகத்தில் நன்றாகவே இருக்கிறது. குடும்பத்தில் ஒரே ஒருவர் வராமல் போனதால் சுரப்பி எழும்பவில்லை, மற்றவர்கள் எல்லாரும் கைநீட்டிக் காத்திருக்கிறார்கள். மாத்திரை அவர்கள் கைக்குப் போய்ச் சேருகிறது. அதனால்தான் இந்த வைத்தியம் இவ்வளவு நன்றாகப் பலிக்கிறது. அட்ரீனல் சுருங்கும் நோயை தாமஸ் அடிசன் 1855-லேயே விவரித்துவிட்டார். ஆனால் கார்டிசோன் மருந்தாகக் கைக்கு வந்தது 1940-களின் கடைசியில்தான். அதற்கு முன் பிறந்திருந்தால் உங்கள் மகனைக் காப்பாற்றுவது மிகவும் கடினமாக இருந்திருக்கும்.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியவை சில. ஹைட்ரோகார்டிசோன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதனால்தான் மூன்று நான்கு வேளை. கடையில் இல்லை என்று அதற்குப் பதிலாக வேறு ஸ்டீராய்டு எதையாவது கொடுத்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். வீரியம் கூடிய வகைகள் வளரும் பிள்ளையின் உயரத்தைக் கெடுக்கும். ஃப்ளூட்ரோகார்டிசோன் எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒரு மாதத்திற்கானது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். உங்கள் பால் பிள்ளைக்குச் சேரவில்லை என்று அப்போது யாராவது சொல்லியிருப்பார்கள். தாய்ப்பாலில் உப்பு இயல்பாகவே குறைவு, மற்றக் குழந்தைகளுக்கு அது போதும், உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் இல்லாத பிள்ளைக்குப் போதாது. அவ்வளவுதான். ஒரு வயது வரை உப்புச் சேர்க்காதே என்று அங்கன்வாடியில் சொல்வது மற்றப் பிள்ளைகளுக்கு. உங்கள் மகனுக்கு மருத்துவர் அளந்து கொடுத்த உப்பு மருந்து. வீட்டுச் சாப்பாடு சாப்பிடத் தொடங்கிய பிறகு அதைக் குறைப்பதா என்று அவரே சொல்வார். கறுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். கார்டிசால் வராததால் பிட்யூட்டரி விடாமல் அட்ரீனலைத் தூண்டிக்கொண்டே இருந்தது, அந்தத் தூண்டும் ஹார்மோன் தோலின் நிறமிச் செல்களையும் தூண்டிவிடும். மருந்து சேரச் சேர நிறம் தெளியும். மறுபடி கறுக்க ஆரம்பித்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். எடை மளமளவென்று ஏறி உயரம் நின்றுவிட்டால் மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அளவுகோலில் நிற்க வைக்கிறோம்.

இன்னொன்றை ரிப்போர்ட்டில் பாருங்கள், அல்லது மருத்துவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, இல்லை மரபணு முழுவதுமே விடுபட்டிருக்கிறதா? எழுத்து மாற்றம் என்றால் அதோடு சரி. துண்டாகவே விடுபட்டிருந்தால், பக்கத்து மரபணுக்களும் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸில் இதற்கு அருகேதான் கிளிசராலைக் கையாளும் மரபணுவும், டூஷேன் தசைச் சிதைவு நோய்க்கான மரபணுவும் வரிசையாக இருக்கின்றன. தசைக்கான சி.கே. என்சைமைப் பார்த்தால் பின்னதைப் பற்றித் துப்புக் கிடைக்கும். முன்னது வேடிக்கையாக வெளிப்படும். டிரைகிளிசரைடு மிக அதிகம் என்று ரிப்போர்ட் வரும், ஆனால் ரத்தம் கொழுப்பில்லாமல் தெளிவாக இருக்கும், ஏனென்றால் அந்தச் சோதனை உண்மையில் அளப்பது கிளிசராலை.

மற்றப் பையன்களைப் போல வளர்வானா என்று கேட்டீர்கள். படிப்பான், ஓடுவான், மருந்து சரியாக இருந்தால் உயரமும் வரும். எழுத்து மாற்றம் மட்டும் என்றால் அறிவு வளர்ச்சிக்கு இந்த நோயால் குறைவில்லை, ஆரம்பத்தில் வந்தது போன்ற நெருக்கடிகளில் மூளை அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பருவ வயதில்தான் மறுபடி எங்கள் உதவி தேவைப்படும். எலிகளில் சொன்னேனே, நான்கு இடம் என்று. டாக்ஸ்-1-ம் அதே நான்கு இடங்களில் இருக்கிறது. அதனால் பெரும்பாலான பையன்களுக்குப் பதின்மூன்று பதினான்கில் குரல் மாறுவது, மீசை அரும்புவது எல்லாம் தானாகத் தொடங்காது, அல்லது தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து அந்த வளர்ச்சியைக் கொண்டுவந்துவிடலாம். சில பையன்களுக்கு மாறாகச் சின்ன வயதிலேயே பருவ அறிகுறி கொஞ்சம் தலைகாட்டும். கண்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தந்தையாவது கடினம், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. விதைப்பைக்குள்ளேயே விந்தணு உருவாவதும் பாதிக்கப்படுகிறது. விதைப்பையிலிருந்து நேரடியாக விந்தணுவை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கித் தந்தையானவர் உண்டு, ஆனால் அரிது. இதை அவனுக்குத் தெரிய வேண்டிய வயதில் நீங்களே சொல்லுங்கள், கல்யாணப் பேச்சு நடக்கும்போது வேறு யார் வாயிலிருந்தோ அவன் கேட்கக் கூடாது.

கடைசியாக, காய்ச்சல். இதை மட்டும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரீனல் தானாகச் சுரப்பைக் கூட்டும். அவனுக்கு அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். காய்ச்சல், அடிபடுவது, பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை எதுவானாலும் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு, மூன்று மடங்கு கூட்ட வேண்டும். எந்தக் காய்ச்சலுக்கு எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையை வாந்தி எடுத்துவிட்டால் ஒருமுறை திரும்பக் கொடுங்கள். அதையும் எடுத்துவிட்டால், அல்லது துவண்டு கிடந்தால், காத்திருக்காதீர்கள். ஹைட்ரோகார்டிசோன் ஊசியைத் தொடையில் போட்டுவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். ஊசி ஒன்று கூடுதலாகக் கொடுத்துவிட்டோமே என்று எந்தக் குழந்தைக்கும் கெடுதல் வந்ததில்லை, கொடுக்காமல் விட்டதால்தான் வந்திருக்கிறது. நோயின் பெயர், மருந்து, ஊசியின் அளவு, மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாம் எழுதிய அட்டை ஒன்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அவன் பையில் எப்போதும் இருக்கட்டும்.

ஊசி போட உங்களுக்கும் கணவருக்கும் மட்டும் தெரிந்தால் போதாது. நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளை அத்தையிடமோ அம்மாவிடமோதான் இருப்பான். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்துத் தூளை எப்படிக் கரைப்பது, தொடையில் எந்த இடம் என்று நர்ஸ் காட்டிக் கொடுப்பார். ஆரஞ்சுப் பழத்தில் நான்கு தரம் குத்திப் பார்த்தால் கை பழகிவிடும்.